கிருஷ்ணகிரியிலிருந்து கடலுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் "ஓ, பூம்புகார் பக்கமா, கடல் கிட்டவே இருக்குமே" என்பார்கள். இல்லைங்க, கடலுக்கும் எங்களுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஊரை ஒட்டி ஓடுவதும் காவிரி இல்லை, தென்பெண்ணை. கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி எங்கள் ஊர் வழியாக வந்து, சாத்தனூரில் இன்னொரு தடவை தேங்கி, கடைசியில் கடலூர் பக்கம் கடலில் சேர்கிற ஆறு அது. ஆறு சேர்ந்துவிடுகிறது, நம்ம ஆட்களில் பலர் நாற்பது வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் ஒகேனக்கலுக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் போய், மத்தியான வெயிலில் மணலில் கால் சுட நின்றுவிட்டு, "என்னடா இது, இதுக்கா இவ்வளவு தூரம்" என்று திரும்பி வருகிறார்கள்.

நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை குடும்பத்தோடும் நண்பர்களோடும் பாண்டிச்சேரியிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இரண்டு பகல், ஒரு இரவு இருந்தால் போதும்.

முதலில் நாளைப் பாருங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, மழையும் இருக்காது. ஆனால் பொங்கல் விடுமுறையில், அதுவும் காணும் பொங்கலன்று போகாதீர்கள், அன்றைக்குக் கடற்கரையில் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. போலீஸும் பல இடங்களில் கடலில் இறங்கவே விடமாட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளுக்கு லீவு என்பதால் எல்லோரும் அப்போதுதான் கிளம்புவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று வேர்வை. நம்ம பக்கம் மேட்டு நிலம், வெயில் எவ்வளவு அடித்தாலும் நிழலில் உட்கார்ந்தால் சட்டை காய்ந்துவிடும். அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை காயாது, உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும், குழந்தைகள் எரிச்சலாகி அழும். இரண்டாவது மீன். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகில் வருகிற கொஞ்ச மீன்தான், விலையும் அதற்கேற்றபடி. மீன் சாப்பிடத்தான் போகிறோம் என்பவர்கள் ஜூன் கடைசியில் போங்கள், நம்ம ஊரில் மாங்காய் லோடு ஏற்றுகிற வேலையும் அப்போது கொஞ்சம் குறைந்திருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இதில் மட்டும் வீம்பு வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம்தான் கரையேறியது. கடலோரத்துக்காரர்கள் பட்ட பாட்டை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தோம், அடுத்த நாளே அதன் மிச்சம் நம்ம ஊத்தங்கரைக்கு வந்து ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, ரோட்டோரம் நின்ற வண்டிகளையெல்லாம் உருட்டிக்கொண்டு போனது. "துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரு மொத்தமும் நம்ம கிருஷ்ணகிரி வழியாகத்தான் பாண்டிக்குப் போகிறது. சனி, ஞாயிறு அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். முடிந்தால் திங்கள் முதல் வியாழன் வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வழி எளிது: ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், பாண்டி. சுமார் 215 கிலோமீட்டர், காரில் சாவகாசமாக ஐந்து மணி நேரம். தர்மபுரிக்காரர்கள் அரூர், தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலையில் வந்து சேர்ந்துகொள்ளலாம். கார் என்றால் பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பஸ் என்றால் பெங்களூருவிலிருந்து பாண்டி போகும் வண்டிகள் கிருஷ்ணகிரி வழியாகத்தான் வரும், ஆனால் வழியில் ஏறினால் சீட் கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள், முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் திருவண்ணாமலை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. அவசரமில்லாதவர்களுக்கு இதுவே நல்லது.

பௌர்ணமி எந்த நாள் என்று கேலண்டரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடலில் நிலா உதிப்பதைப் பார்க்கலாம் என்று ஆசையாகப் பௌர்ணமியன்று கிளம்பினோம் ஒரு தடவை. அன்று கிரிவலம் என்பது வண்டியில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. திருவண்ணாமலையைத் தாண்டவே மூன்று மணி நேரம். நிலா எங்களுக்கு முன்னாடியே பாண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செஞ்சிக் கோட்டை ரோட்டிலிருந்தே தெரியும். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகளில் அதுவும் ஒன்று. அங்கே இருக்கிற மூன்று மலைகளில் ஒன்றின் பெயரும் கிருஷ்ணகிரிதான், வண்டியில் தூங்குகிற பையன்களை எழுப்பிச் சொல்லுங்கள். ஆனால் ஏறாதீர்கள். ராஜகிரி மேலே ஏறி இறங்கினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது, கடலுக்குத் தெம்பு இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள். 

நான் சொல்வது என்னவென்றால், இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கிளம்புங்கள். ஓட்டுபவர் பகலில் நன்றாகத் தூங்கியிருந்தால் மட்டும். இல்லையென்றால் முந்தின நாள் மாலையே போய் அறையில் தங்குங்கள். எப்படியும் விடியும்போது கடல் முன்னால் நிற்க வேண்டும். ஏனென்றால் இது கிழக்குக் கரை, சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் சித்தப்பா முதல் தடவை வந்தபோது சூரியன் கடலில் மூழ்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று சாயங்காலம் ஆறரை மணி வரை கடலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் சூரியன் எப்போதோ போய்விட்டது.

முதல் நாள் காலை: பாண்டி

பாண்டி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7:30 மணி வரை வண்டி விடமாட்டார்கள். அதனால் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டிடங்கள், எதிரே கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்த கரை. ஒன்றரை கிலோமீட்டர் கூட வராது, ஐந்தரை மணிக்கு அதில் நடப்பது மாதிரி சுகம் வேறு இல்லை. ஆனால் இது பார்க்கிற கடற்கரை, குளிக்கிற கடற்கரை இல்லை. பாறையில் பாசி பிடித்திருக்கும், செல்ஃபி எடுக்கிறேன் என்று இறங்கி வழுக்கினால் பாறை இடுக்கில்தான் விழ வேண்டும். ஒகேனக்கல் பாறையில் ஏறி இறங்கின காலுக்கு இதெல்லாம் ஒரு பாறையா என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆபத்து, இங்கே கீழேயிருந்து அலை வந்து காலை வாரும்.

குளிப்பது பற்றி, கொஞ்சம் விரிவாக

மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நம்ம ஆட்கள் கிணற்றில் குதித்துப் பழகியவர்கள், அணையில் நீந்துவார்கள், ஆற்றில் சுழல் எங்கே இருக்கும் என்று தெரியும். அந்தத் தைரியத்தோடு கடலில் இறங்குகிறார்கள். நீச்சல் தெரியுமா என்று கடல் கேட்பதில்லை.

அலை கரைக்கு வந்துகொண்டே இருக்கிறதே, அந்தத் தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வேண்டும் இல்லையா? அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திரும்பாது, மணல் மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளமான சந்து கிடைத்தால் அந்த வழியாக ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளே ஓடும். நம்ம வயலில் மடை திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயும், அப்படி. வேடிக்கை என்னவென்றால் அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக இருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். "இங்கதான் அலை இல்லை, குழந்தைங்களை இங்க இறக்கலாம்" என்று புதிதாக வருகிறவர்கள் நேராக அங்கேதான் போவார்கள்.

இழுத்தால் என்ன செய்வது? கரையை நோக்கி நீந்தாதீர்கள். அந்த ஓட்டத்தை எதிர்த்து நல்ல நீச்சல்காரராலும் வர முடியாது, கை சோர்ந்துதான் மூழ்குகிறார்கள். அந்த ஓட்டம் கீழே இழுக்காது, உள்ளே மட்டும்தான் கொண்டுபோகும். மல்லாக்க மிதந்து நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த வாய்க்காலின் அகலம் அதிகம் இருக்காது, தாண்டிவிட்டால் அலை உடைகிற இடம் வரும், அந்த அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். ஒருவர் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே அண்ணன், மச்சான், அப்பா என்று குதிக்காதீர்கள். ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் போகிற செய்தியெல்லாம் அப்படித்தான் வருகிறது. மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனோ கயிறோ தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரப் போலீஸ் எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

என் மச்சான் ஒரு தடவை முழங்கால் தண்ணீரில் நின்றவன், பின்னால் திரும்பி எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தபோது வந்த அலையில் குப்புற விழுந்து, எழுந்து நிற்பதற்குள் இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டான். போட்டிருந்தது ஜீன்ஸ். நனைந்த ஜீன்ஸ் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, எங்களைத் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: கடலுக்கு முதுகு காட்டக் கூடாது, ஜீன்ஸும் புடவையும் போட்டுக்கொண்டு இடுப்புக்கு மேல் இறங்கக் கூடாது, குடித்தவன் காலைக்கூட நனைக்கக் கூடாது. கரையில் ஒருவர் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் கையில் போன் கூடாது.

சரி, எங்கேதான் குளிப்பது? சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச் என்று இருக்கிறது, 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை. நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். குளிக்கிற இடத்தை எல்லை போட்டு வைத்திருப்பார்கள், உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள், நல்ல தண்ணீரில் குளிக்கவும் உடை மாற்றவும் இடம் இருக்கும். பெண்களோடும் குழந்தைகளோடும் முதல் தடவை போகிறவர்கள் வேறு யோசனையே இல்லாமல் இங்கே போங்கள். கடலூர் ரோட்டில் சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகில் போகிற பாரடைஸ் பீச்சும் அழகுதான். படகில் போகும்போது இரண்டு பக்கமும் பச்சையாக, நம்ம பரிசல் பயணம் ஞாபகம் வரும், பரிசல்காரர் சுற்றிவிடுகிற மாதிரி சுற்றமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். அங்கே அலை கொஞ்சம் முரடு, முழங்காலோடு நிறுத்துங்கள்.

காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் குளியலை முடித்துவிட வேண்டும். அப்புறம் மணல் சுடும்.

மத்தியானம்

பதினொன்றிலிருந்து நான்கு வரை கடற்கரைக்கே போகாதீர்கள். அறைக்குப் போய் நல்ல தண்ணீரில் தலைக்குக் குளித்து, சாப்பிட்டுத் தூங்குங்கள். உப்பு காய்ந்த உடம்போடு சுற்றினால் தொடை இடுக்கில் உரசி நடக்கவே முடியாது, கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் இதை முன்கூட்டியே சொல்வதில்லை. தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் கையில் இருக்கட்டும்.

அறை பிடிக்கும்போது "பீச் வியூ" என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு விடுதியில் அதற்கென்று கூடுதலாக வாங்கிக்கொண்டு, பாத்ரூம் ஜன்னல் வழியாகக் கழுத்தை வளைத்துப் பார்த்தால் தெரிகிற நீலக் கோட்டைக் காட்டினார்கள். கடலை நீங்கள் நேரில் போய்ப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? 24 மணி நேரமும் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, அது போதும்.

பாண்டி என்றதும் சில பேருக்கு வேறு ஞாபகம் வரும். அங்கே என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் பாடு. திரும்பும்போது வண்டியில் பாட்டில் ஒளித்து வைக்காதீர்கள், தமிழ்நாட்டு எல்லையில் சோதனை உண்டு, கேஸ் ஆகும்.

இரண்டாம் நாள்: வடக்கே மாமல்லபுரம்

விடிகாலை கிளம்பினால் மாமல்லபுரம் சுமார் 95 கிலோமீட்டர். இந்த ரோட்டில் வேகமாகப் போவது பாவம். மரக்காணம் பக்கம் இரண்டு புறமும் உப்பளம், வெயில் காலத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் களத்துமேடு. அதைத் தாண்டிக் கடப்பாக்கத்தில் வலது பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் இடித்ததில் மிச்சமிருக்கிற செங்கல் சுவர்கள், கீழே கழிமுகத் தண்ணீர், அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். இந்தப் பாதை முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான், கூட்டமில்லாத நாளில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். நிழல் கிடையாது, தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், சுவர் மேல் ஏறாதீர்கள், உதிர்கிறது.

பஸ்ஸில் போகிறவர்களை மாமல்லபுரத்தில் பெரும்பாலும் பைபாஸிலேயே இறக்கிவிடுவார்கள், உள்ளே போக ஆட்டோ வேண்டும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஆளுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம். டிக்கெட்டை ஒரு இடத்தில் காட்டிவிட்டுக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அர்ஜுனன் தபசுக்கு டிக்கெட் கிடையாது. ஊருக்குள் நடந்தால் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல் குவாரி லாரிகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, அதே கல்லிலிருந்து ஒரு காது மடல் வருவதை நின்று பார்ப்பது நல்ல அனுபவம். கோயிலுக்குப் பக்கத்துக் கடலில் மட்டும் இறங்காதீர்கள், அலை கரையிலேயே ஆழமாக அறுத்து வைத்திருக்கும்.

பையன்கள் அலைச்சறுக்கு பார்க்க வேண்டும் என்றால் இன்னும் வடக்கே கோவளம் போகலாம். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே கற்றுக்கொடுக்கிறார்கள், நீச்சல் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. ஒகேனக்கலிலேயே முதலை பார்த்தாயிற்று என்றால் விட்டுவிடலாம், ஆனால் இது ரொம்பப் பெரிது.

மீன்

ஒகேனக்கலில் கட்லா, ஜிலேபி என்று மசாலா தடவி வைத்திருப்பதைக் காட்டினால் பொரித்துத் தருவார்கள், விலை அநேகமாகத் தெரிந்ததுதான். கடற்கரையில் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கடம்பா (கணவாய்), இறால் என்று தட்டில் அடுக்கி, "உட்காருங்க சார், பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்பார்கள். உட்காருவதற்கு முன்னால் எடை எவ்வளவு, விலை எவ்வளவு, பொரிக்கிற காசு அதில் சேர்ந்ததா தனியா என்று மூன்றையும் கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். முள் எடுக்கத் தெரியாத குழந்தைகளுக்குக் கடம்பாவோ இறாலோ சரி, வீட்டில் முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு இறால் ஒத்துக்கொள்கிறதா என்று ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், சிலருக்கு உடம்பு தடித்துவிடும்.

திரும்பி வருவது

வந்த வழியே திரும்ப வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நேராகக் கிருஷ்ணகிரி, சுமார் 250 கிலோமீட்டர். மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிட்டால் ஆம்பூரில் இரவு பிரியாணிக்குச் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மறுநாளே வண்டியை அடிப்பக்கம் வரை தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பைக் என்றால் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று பட்ட இரும்பு ஒரு வாரத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

கருவாடு வாங்குகிறவர்கள் நெத்திலி, வஞ்சிரம் எதுவானாலும் மூன்று கவர் போட்டுக் கட்டி, மேலே ஒரு துண்டையும் சுற்றி டிக்கியில் வையுங்கள். பஸ் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். நாங்கள் ஒரு கவரில் கட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தோம். வேலூர் தாண்டுவதற்குள் கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார், நாங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு யாருடையது என்று தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.